மண்ணின்றிப் பயிர் வளர்க்க ஏற்ற ஊடகம்

மண்ணில் நிற்கும் பயிருக்கு மண் நான்கு வேலைகளைச் செய்கின்றது. வேருக்குப் பிடிப்புக் கொடுத்துச் செடியை நிமிர்த்தி வைத்திருக்கின்றது. மழையாலும் பாய்ச்சலாலும் கிடைத்த நீரைச் சேமித்து வைத்துச் சிறிது சிறிதாக வழங்குகின்றது. வேர் சுவாசிப்பதற்கு வேண்டிய காற்றைத் தன் துளைகளில் வைத்திருக்கின்றது. உணவுச் சத்துக்களையும் ஊட்டுகின்றது. மண்ணை விலக்கிவிட்டு, சத்துக்கள் கரைந்த நீரைக்கொண்டு பயிர் வளர்க்கும் முறையிலே, இந்நான்கில் கடைசி ஒன்றை மாத்திரமே போசணைக் கரைசல் பொறுப்பேற்கின்றது. எஞ்சிய மூன்றும் வேரைச் சூழ்ந்திருக்கும் ஊடகத்தின் பொறுப்பாகும்.

இவ்வாறிருக்க, இம்முறையைப் புதிதாகத் தொடங்குவோர் முதலில் விசாரிப்பது பெரும்பாலும் பசளையைப் பற்றியே. எந்தக் கலவை சிறந்தது, எத்தனை கிராம் கரைக்க வேண்டும், விலை என்ன என்று கேட்டறிந்த பின்னர், பைகளை நிரப்பும் நாளிலே அருகில் கிடைத்ததைக் கொண்டு நிரப்பிவிடுகின்றனர். கரைசலில் நேர்ந்த பிழையை மறுநாளே திருத்தலாம். ஊடகத்தில் நேர்ந்த பிழையோ செடி வேரூன்றிய பின்னர் திருத்துதற்கு அரியது. அப்பிழை பெரும்பாலும் காய் பிடிக்கும் பருவத்திலேயே வெளிப்படும். அதற்குள் கூடாரம், பொலித்தீன், விதை, பசளை ஆகியவற்றுக்கான செலவு முழுவதும் செய்து முடிந்திருக்கும்.

மண்ணின்றிப் பயிர் வளர்த்தல் புதிய வித்தையன்று. ஜெர்மானிய அறிஞராகிய சாக்ஸ், நொப் என்போர் 1860ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திலேயே, உப்புக்கள் கரைந்த நீரில் மாத்திரம் செடிகளை வளர்த்துக் காட்டினர். அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெரிக் என்பவர் 1930ஆம் ஆண்டுகளில் இதனை ஆய்வுகூடத்திலிருந்து வெளியே கொணர்ந்து, பெருந்தொட்டிகளிலே தக்காளி விளைவித்தார். நம் அயலில், வங்காளத்தின் மலைப்பிரதேசத்தில், இரண்டாம் உலகப்போர் முடிந்ததை அடுத்து ஷோல்டோ டக்ளஸ் என்பவர் உடைகல்லும் மணலும் கலந்த எளிய தொட்டிகளில் இம்முறையைப் பரீட்சித்தார். விலையுயர்ந்த கருவிகள் இல்லாதவரும் கைக்கொள்ளத்தக்க முறை ஒன்றைக் காண்பதே அவர் நோக்கம். அந்நோக்கம் இன்றும் நமக்குப் பொருந்துவதாகும்.

இலங்கையில் நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளை முதலிய குளிர்ப்பிரதேசங்களில் பொலித்தீன் கூடாரங்களுள் கறிமிளகாய், தக்காளி, சலாது வெள்ளரி என்பன பைகளில் வளர்க்கப்படுகின்றன. கமக்காரரை மண்ணை விட்டு விலகச் செய்த காரணங்களுள் முதன்மையானது பற்றீரியா வாடல் நோய். காலையில் செழிப்பாக நின்ற தக்காளிச் செடி பச்சை நிறம் மாறாமலே தளர்ந்து சில நாட்களுள் மடிந்துவிடும். நோய்க்கிருமி மண்ணிலே நெடுங்காலம் தங்கியிருப்பதால், அத்தறையில் மறுபடியும் தக்காளியோ கத்தரியோ கறிமிளகாயோ வைத்தால் அதே கதியே நேரும். இதற்கு மருந்தடித்துப் பயனில்லை. சுத்தமான ஊடகம் நிறைந்த பையில், மண்ணுடன் தொடர்பின்றி நடுவதே தப்பும் வழி.

வெறும் நீரில் மிதக்கும் ரெஜிபோம் பலகைகளிற் சலாது வளர்ப்போருக்கு நாற்றுப் பருவத்துக்கு வேண்டிய ஒரு சிறு பஞ்சுத்துண்டைத் தவிர வேறு ஊடகம் தேவையில்லை. காய்க்கும் பயிர்களைப் பையிலோ தொட்டியிலோ வளர்ப்போருக்கே பின்வருவன பெரிதும் பயன்படும்.

காற்றும் நீரும்

ஊடகம் ஒன்றைக் கையில் எடுத்தவுடன் அது எவ்வளவு நீரைப் பிடிக்கும் என்றே பலரும் பார்க்கின்றனர். நீர் வடிந்த பின் அதனுள் எவ்வளவு காற்று இருக்கும் என்பது அதனினும் முக்கியமான கேள்வி. வேரும் இலையைப் போன்றே உயிருள்ள உறுப்பு. ஒட்சிசன் இல்லாதவிடத்து நீரின் நடுவே இருந்தும் அதனால் நீரை உறிஞ்ச முடியாது. நீர் தேங்கிய பையில் நிற்கும் செடி வாடுவதைக் கண்டு, தாகத்தால் வாடுகின்றது என்றெண்ணி மேலும் நீர் ஊற்றுவோர் உளர்.

பாத்திரம் கழுவும் நீள்சதுரப் பஞ்சு ஒன்றைக் கொண்டு இதனை வீட்டிலேயே விளங்கிக்கொள்ளலாம். பஞ்சை நீரில் நன்றாக அமிழ்த்தி எடுத்து, தட்டையாகக் கிடக்கும்படி கையிற் பிடிக்க வேண்டும். சிறிது நேரத்தில் நீர் சொட்டுவது நின்றுவிடும். இப்போது அதே பஞ்சைத் திருப்பி, நீளப்பக்கம் செங்குத்தாக நிற்கும்படி பிடித்தால் மறுபடியும் நீர் சொட்டும். பஞ்சும் மாறவில்லை, புதிதாக நீரும் சேர்க்கவில்லை. உயரம் மாத்திரமே கூடியது. பையிலுள்ள ஊடகமும் இவ்வாறே. எந்தப் பையிலும் அடியில் சில அங்குலத்துக்கு நீர் நிறைந்த ஓர் அடுக்கு வடியாமல் நின்றுவிடும். ஊடகம் எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவுக்கு அவ்வடுக்கு உயரமாகும். ஆழம் குறைந்த தட்டில் அந்த அடுக்கே ஊடகத்தின் பெரும்பகுதியாகிவிடும். உயர்ந்த பையில் அது அடியில் ஒரு சிறு பங்காக அமையும். எனவே ஆழமற்ற தட்டுக்குப் பருமனான ஊடகமும், உயர்ந்த பைக்கு ஓரளவு நுண்ணிய ஊடகமும் ஏற்றன. அடியிலே கல் பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. அது சரியன்று. கல்லுக்கு மேலே அதே ஈர அடுக்கு நிற்கும்; வேருக்கு உரிய இடந்தான் குறையும்.

காற்றின் அளவைக் கமக்காரர் தாமே அளந்தறியலாம். பையின் உயரத்துக்குச் சமமான உயரமுள்ள தகரப் பேணி ஒன்றின் அடியில் நாலைந்து துளைகளிட்டு, அவற்றை மெழுகினால் அடைத்து, பேணி எத்தனை லீற்றர் கொள்ளும் என்று முதலில் நீரால் அளந்துகொள்க. பின்பு நீரை அகற்றி, ஈரமாக்கிய ஊடகத்தைப் பையில் இடுவது போலவே இட்டு, நிலத்தில் இரண்டு முறை தட்டி நிரப்புக. மேற்பரப்பில் நீர் மினுங்கும்வரை மெதுவாக நீர் ஊற்றி, குமிழிகள் வெளியேறியபின் குறைந்ததையும் நிரப்புக. ஒரு தட்டத்தின்மேல் வைத்துத் துளைகளைத் திறந்து, ஒரு மணி நேரம் வடியவிட்டு, வடிந்த நீரை அளக்க. அந்நீர் இருந்த இடத்திற்கே இப்போது காற்றுப் புகுந்துள்ளது. பேணியின் கொள்ளளவில் நூற்றுக்கு 10 பங்கிலும் குறைவாக வடிந்தால் அவ்வூடகம் தக்காளிக்கு உதவாது. 20 பங்கை ஒட்டி வடிவது நன்று. 30 பங்குக்கு மேற்பட்டால் தீங்கில்லை. ஆனால் வெயில் நாட்களில் அடிக்கடி நீர் பாய்ச்ச நேரிடும். இயந்திரத்தால் சொட்டுநீர் கொடுப்பவருக்கு அது பொருட்டன்று. வாளியால் காலையும் மாலையும் ஊற்றுபவர் நீரைச் சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும் ஊடகத்தையே நாட வேண்டும். ஆகவே, இன்ன ஊடகம் சிறந்தது என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. யார், எத்தனை தரம் நீர் ஊற்றப் போகின்றார் என்பதையும் கேட்டறிந்த பின்னரே சொல்லலாம்.

மணல், கல், உமிக்கரி

மணல் பழையதும் எளியதுமான ஊடகம். அழுகாது, சுருங்காது, கழுவி மறுபடியும் பயன்படுத்தலாம். அதன் குறை பாரம். பத்து லீற்றர் மணல் ஏறத்தாழ 15 கிலோகிராம் நிறையுடையது. மாடியிலும் மரத்தட்டுக்களிலும் வைப்பதற்கு அது ஏற்றதன்று. மிக நுண்ணிய மணலும் கட்டடச் சாந்துக்குரிய தூசு கலந்த மணலும் நீரைத் தேக்கிவிடும். அரை மில்லிமீற்றர் முதல் இரண்டு மில்லிமீற்றர் வரை பருமனுள்ள மணலே வேண்டும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் கரையோரங்களிலும் மணலைத் தெரிவதில் மிகுந்த கவனம் வேண்டும். கடற்கரை மணலின் உப்பைப் பல தரம் கழுவிப் போக்கலாம். அதிற் கலந்துள்ள சிப்பித் தூளையும் சுண்ணாம்பையும் கழுவிப் போக்க முடியாது. சுண்ணாம்பு கலந்த மணலிலே கரைசலின் அமிலத்தன்மை நாளடைவில் அற்றுப்போகும்; பொசுபரசும் இரும்பும் கரைசலில் இருந்தும் வேருக்குக் கிட்டாதவாறு படிந்துவிடும். புதிய இலைகள் நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் தோன்றுவது இதன் அறிகுறி. இதனை அறியக் கருவி வேண்டியதில்லை. ஒரு பிடி உலர்ந்த மணலைக் கிண்ணத்திலிட்டு வினாகிரி ஊற்றினால், சுண்ணாம்புள்ள மணல் நுரைத்துப் பொங்கும். நுரைத்த மணலை வீடு கட்டுவோருக்கு விட்டுவிடலாம். உடைகல்லுக்கும் இச்சோதனையே போதும். கருங்கல் நுரைக்காது, சுண்ணக்கல்லும் முருகைக்கல்லும் நுரைக்கும். செங்கல், ஓட்டுத்துண்டுகள் என்பனவற்றை உடைத்துத் தூசு நீக்கி இடலாம். ஆனால் நன்கு சுடாத செங்கல் ஈரத்தில் கரைந்து சேறாகும்.

உமி நெல்லாலைகளிலே மலிவாகக் கிடைப்பது. அதைப் பச்சையாக இட்டால் உள்ளிருக்கும் பதர்நெல் முளைப்பதோடு, எலிகளையும் வரவழைக்கும். காற்றை மட்டுப்படுத்தி, சாம்பலாகாமற் கரியாகும் அளவில் எரித்து நீர் தெளித்து அவித்த உமிக்கரி, இலேசானதும் நன்றாக நீர் வடிவதுமான ஊடகம். எரிந்து வெண்சாம்பலான உமி வேறு, கரியான உமி வேறு என்பதை மறத்தலாகாது. சாம்பல் காரம் மிகுந்தது, நனைந்தால் இறுகிவிடும். உமிக்கரியிலும் ஓரளவு காரம் இருத்தலால் அதைத் தனியே இடாமல், இயல்பிற் சிறிது அமிலத்தன்மையுள்ள தும்புத்தூளுடன் கலப்பதே பொருத்தம். மூன்று பங்கு தும்புத்தூளுக்கு ஒரு பங்கு உமிக்கரி என்ற அளவிலே தொடங்கி, மேலே கூறிய பேணிச் சோதனையால் அளவைத் திருத்திக்கொள்ளலாம்.

மரத்தூளை வளர்ப்பூடகமாகக் கொண்ட நாடுகள் உள. ஆயினும் இங்கு ஆலைகளிற் கிடைக்கும் தூள் பல மரங்களினதும் கலப்பாகும். சில மரங்களின் சாறு வேருக்கு நஞ்சு, மருந்திட்ட பலகைகளின் தூளும் கலந்திருக்கலாம். அன்றியும் மரத்தூள் உக்கும்போது அதை உக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் கரைசலின் நைதரசனைப் பயிருக்கு முன்னதாகவே உண்டுவிடும். தவிர்ப்பதே நலம்.

ஐரோப்பாவிற் பெரிதும் வழங்கும் பாறைப்பஞ்சு, எரிமலைப் பாறையை ஏறத்தாழ 1,600 பாகை வெப்பத்தில் உருக்கி நூலாக இழைத்துச் செய்யப்படுவது. பேர்லைட் என்பது எரிமலைக் கண்ணாடியைச் சுட்டுப் பொரித்தது. பொரி அரிசி போல வெண்மையாயிருக்கும். இவை இரண்டும் நல்ல ஊடகங்களே. கிருமியற்றவை, சீரான தன்மையுடையவை. ஆயினும் இங்கே இறக்குமதிச் செலவு மிகுதி. பயன்படுத்திய பாறைப்பஞ்சு எந்நாளும் உக்குவதில்லை. அவற்றுக்குப் பணம் கொடுக்குமுன், அந்நாடுகளின் தோட்டக்காரர் இலங்கையிலிருந்து எதனைக் கப்பலில் வருவிக்கின்றனர் என்று எண்ணிப் பார்த்தல் தகும்.

தும்புத்தூள்

தேங்காய் மட்டையிலிருந்து தும்பைப் பிரித்த பின் எஞ்சும் பஞ்சு போன்ற பொடியே தும்புத்தூள். குருநாகல், சிலாபம் முதலிய தென்னைப் பிரதேசங்களிலே தும்பாலைகளின் அருகில் இது குன்றுகளாகக் குவிந்து, எவருக்கும் வேண்டாத பொருளாய் நெடுங்காலம் கிடந்தது. இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் இதன் அருமையைப் பிற நாட்டார் உணர்ந்ததன் பின், அழுத்திக் கட்டிகளாக்கி ஏற்றுமதி செய்யப்படும் பண்டமாயிற்று. தன் உலர்ந்த நிறையைப் போல் எட்டு மடங்கு நீரைப் பிடிக்கவல்லது. அவ்வாறு பிடித்த நிலையிலும் காற்றுக்கு இடம் விடுவது. இலிக்னின் என்னும் கடினப்பொருள் மிகுந்திருப்பதால் எளிதில் உக்காது. ஒரு தக்காளிச் செடிக்கு எட்டு முதல் பத்து லீற்றர் வரை போதும். நீரூறிய 5 கிலோகிராம் கட்டி ஒன்று 60 முதல் 75 லீற்றர் வரை பெருகுமாதலால், ஏழு எட்டுப் பைகளை நிரப்பலாம்.

இத்தனை குணங்களும் உள்ள பொருளுக்கு ஒரு குறை உண்டு. அக்குறையை அறியாமலே பல தோட்டங்கள் நட்டமடைகின்றன. தேங்காய் மட்டை இயல்பாகவே பொற்றாசியமும் குளோரைட்டும் மிகுந்தது. கரையோரத்திலே உவர்நீரில் மட்டை ஊறவைக்கப்பட்டிருந்தால் அதனோடு சோடியமும் சேர்ந்துவிடும். இவ்வுப்புக்களில் ஒரு பகுதி நீரிற் கரைந்து நிற்பது. மற்றப் பகுதி தும்புத்தூளின் மேற்பரப்பிலே ஒட்டிக்கொண்டிருப்பது. கரைந்து நிற்பது நீர் ஊற்றிக் கழுவினால் போய்விடும். ஒட்டியிருப்பது வெறும் நீருக்கு அசையாது.

கழுவாத தும்புத்தூளில் நட்ட நாற்று இலைநுனி கருகித் தேங்கி நிற்பதால், பிழை உடனே தெரிந்துவிடும். நீரில் மாத்திரம் கழுவிய தும்புத்தூளே ஏமாற்றுவது. அதில் நாற்று நன்றாக வளரும், பூக்கும், அயலார் பாராட்டும்படி முதற்குலையில் காய் பிடிக்கும். அப்போது பச்சைக் காய்களின் அடிப்பாகத்தில் நீர்கோத்தது போன்ற புள்ளி தோன்றி, விரிந்து, கறுத்துத் தோல்போற் தட்டையாகும். கமக்காரர் இதனை நோயென்று கருதிப் பங்கசு நாசினி தெளிப்பார், பலன் இராது. பசளை போதவில்லை என்று கரைசலைக் கடுமையாக்குவார், நிலைமை மோசமாகும். உண்மையிலே அது கிருமியால் வந்ததன்று. வளரும் காய்க்குக் கல்சியம் எட்டாமையால் வந்தது. கரைசலில் ஊற்றிய கல்சியத்தைத் தும்புத்தூள் தான் பற்றிக்கொண்டு, அதற்கு ஈடாகத் தன்னிடமிருந்த பொற்றாசியத்தையும் சோடியத்தையும் வேருக்கு விட்டுக்கொடுத்துள்ளது. கல்சியம் பற்றாமற் போவதற்கு ஒழுங்கற்ற நீர்ப்பாய்ச்சலும் கடும் வெப்பமும் காரணமாகலாமாயினும், புதிய தும்புத்தூளில் இக்குறி கண்டவிடத்து முதலில் ஐயுறவேண்டியது ஊடகத்தையே.

ஆகவே பயிருக்குக் கல்சியம் கொடுக்குமுன் ஊடகத்தின் பசியைத் தீர்த்துவிட வேண்டும். கட்டியை உடைத்து நீரில் ஊறவைத்துப் பெருகச் செய்க. அடியிலே வடிகாலுள்ள தொட்டியிலோ தொங்கவிட்ட சாக்கிலோ இட்டு, ஊடகத்தின் கனவளவைப் போல் இரண்டு மூன்று மடங்கு நல்ல நீரைப் பகுதி பகுதியாக ஊற்றி வடியவிடுக. ஒரேமுறையில் ஊற்றுவதிலும், இடைவெளி விட்டு நாலைந்து முறை ஊற்றுதல் அதிக உப்பை வெளிக்கொணரும். முதலில் வடியும் நீர் கடுந்தேநீர் நிறமாயிருக்கும், பின்னர் தெளியும். நிறம் தெளிந்ததை உப்புப் போனதற்குச் சான்றாகக் கொள்ளலாகாது.

அடுத்து, 5 கிலோகிராம் கட்டி ஒன்றுக்கு ஏறத்தாழ 100 கிராம் கல்சியம் நைத்திரேற்றை 20 லீற்றர் நீரில் கரைத்து, வடிந்து நிற்கும் தும்புத்தூளில் எங்கும் படும்படி ஊற்றிக் கலந்து, ஒருநாள் முழுவதும் அப்படியே விட்டுவைக்க. கல்சியம் இரட்டை மின்னேற்றம் உடையது. ஒற்றை ஏற்றமுள்ள பொற்றாசியமும் சோடியமும் இருந்த இடத்தில் அது அமர்ந்து, அவற்றை வெளியே தள்ளிவிடும். மறுநாள் நல்ல நீரால் மீண்டும் கழுவி, தள்ளப்பட்ட உப்புக்களை அகற்றுதல் வேண்டும். இந்தக் கடைசிக் கழுவலைச் சோம்பலினால் விடுவோர் முதலிற் செய்த வேலை முழுவதையும் வீணாக்குகின்றனர்.

வேலை முடிந்ததை மின்கடத்துதிறன் அளக்கும் சிறு கருவியாற் கண்டறியலாம். கழுவ ஊற்றிய நீரையும் வடிந்து வந்த நீரையும் அளந்து பார்க்க, இரண்டின் பெறுமானமும் ஒன்றையொன்று நெருங்கியிருத்தல் வேண்டும். வடிந்த நீரின் பெறுமானம் ஊற்றிய நீரிலும் அரை மில்லிசீமனுக்கு மேல் உயர்ந்திருந்தால் இன்னும் கழுவுக. கருவி இல்லாதவர் பயற்றையோ கீரை விதையையோ ஒரு தட்டில் இவ்வூடகத்திலும் மற்றொரு தட்டில் நன்கு கழுவிய ஆற்றுமணலிலும் இட்டு ஒரு வாரம் பார்க்கலாம். தும்புத்தூளில் முளை குறைந்தாலோ வேர்நுனி பழுப்பேறினாலோ அது இன்னும் நடுகைக்கு ஆயத்தமாகவில்லை. ஒட்டியிருக்கும் பொற்றாசியத்தை இச்சோதனை காட்டாது என்பதையும் நினைவிற் கொள்க. கல்சியம் இட்டுக் கழுவிய பின் செய்யவேண்டிய சோதனை இது.

வாங்கும்போது கழுவிப் பதப்படுத்தியது என்று கட்டியின்மேல் அச்சிட்டிருந்தாலும், ஒரு கட்டியைச் சோதித்த பின்பே மற்றவற்றை வாங்குதல் புத்தி. பழைய குவியலில் மழைபட்டுக் கறுத்த தூளில் உப்புக் குறைவு; ஆயினும் மிகப் பழையது பொடியாகிக் காற்றுக்கு இடமின்றி இறுகும், களைவித்தும் கலந்திருக்கும். அத்தகையதுடன் கால்பங்கு அளவில் நறுக்கிய மட்டைத் துண்டுகளையோ உமிக்கரியையோ சேர்த்தல் வேண்டும். மட்டைத் துண்டுகளையும் இவ்வாறே கழுவிக் கல்சியம் இடவேண்டும். உலர்ந்த தூளைக் கையாள்வோர் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்க.

நிரப்பிய பைகளை வெறுநிலத்தில் வைப்பது மற்றொரு பெருந்தவறு. வேர் வடிகால் துளைவழியே மண்ணை எட்டிவிடும். மண்ணைத் துறந்து தப்ப நினைத்த வாடல் நோய் அவ்வழியே ஏறிவரும். பைகளைக் கல்லடுக்கின்மேல் உயர்த்தி வைக்க. கீழே தடித்த பொலித்தீன் விரிப்பிடுக. நாற்றையும் மண்மேடையில் எழுப்பாமல் இதே ஊடகத்தில் எழுப்புக.

கிணற்று நீரும் கழிவு நீரும்

கழுவும் நீரின் தன்மை கழுவலின் பயனைத் தீர்மானிக்கும். வலிகாமம் முதலிய சுண்ணக்கற் பிரதேசங்களில் கிணற்று நீர் கடினமானது. அதிலுள்ள கல்சியம் தும்புத்தூளுக்கு ஓரளவு துணைசெய்யும். ஆனால் அதனோடு வரும் இருகாபனேற்றுக் கரைசலின் அமிலத்தன்மையைக் குறைத்துவிடும். தக்காளிக்கும் கறிமிளகாய்க்கும் கரைசலின் பீஎச் பெறுமானம் 5.5 முதல் 6.5 வரை இருத்தல் விரும்பத்தக்கது. கூடாரத்தின் கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியிற் சேர்த்துக் கலந்து பயன்படுத்துவது அமிலம் வாங்குவதிலும் மலிவு, ஆபத்தும் அற்றது. கடலை அடுத்த உவர்க்கிணற்று நீரால் தும்புத்தூளைக் கழுவுதல் வீண் உழைப்பு.

பையில் உப்புச் சேராதிருக்க, ஊற்றும் கரைசலில் நூற்றுக்கு 10 முதல் 20 பங்கு வரை அடியால் வடிந்து வெளியேறவேண்டும் என்பது இம்முறையின் விதி. வெளியேறுவது எங்கே போகின்றது என்பதைச் சிலரே எண்ணுகின்றனர். 200 பைகளுள்ள சிறு கூடாரம் ஒன்றைக் கொள்வோம். பை ஒன்றுக்கு நாளொன்றில் இரண்டு லீற்றர் ஊற்றி அதில் ஐந்திலொரு பங்கு வடிந்தால், 80 லீற்றர் கழிவாகும். நிறைவான போசணைக் கரைசலின் ஒரு லீற்றரில் 600 மில்லிகிராம் அளவில் நைத்திரேற்று இருத்தல் வழக்கம். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாதென்று உலக சுகாதாரத் தாபனம் வகுத்துள்ளது. அதற்கு மேற்பட்டால் கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கும் அபாயம் உண்டு. கணக்கிட்டால், அந்த 80 லீற்றர் ஏறத்தாழ 1,000 லீற்றர் தூய நீரை அவ்வெல்லைவரை கொண்டுவரப் போதுமானது. இது ஒரு நாளைய கழிவு மாத்திரமே. குடாநாட்டின் சுண்ணக்கல், நீரை வடிகட்டாமல் வெடிப்புக்களின் வழியே நேராக நிலத்தடிக்கு விடுவது. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இட்ட பசளையினால் அங்கே பல தோட்டக் கிணறுகளின் நைத்திரேற்று ஏற்கெனவே இவ்வெல்லையைத் தாண்டியுள்ளது. அந்நிலத்தில், குடிக்கும் கிணற்றின் அருகே கூடாரக் கழிவை ஊறவிடுதல் எவ்விதத்திலும் தகாது.

நீரை நன்கு பிடிக்கும் ஊடகத்துக்கு இங்கே மற்றொரு மதிப்பு உண்டு. மணற்பையிற் கரைசல் விரைந்து வடிந்தோடும். தும்புத்தூட் பையில் சிறிது சிறிதாக ஊற்றினால் கழிவை நூற்றுக்கு 10 பங்களவில் நிறுத்தலாம். விரிப்பின்மேல் ஒரு வாய்க்கால் அமைத்து வடிநீரைப் பீப்பாயிற் சேர்த்து, வாழைக்கும் தீவனப்புல்லுக்கும் நாளாந்தம் பங்கிட்டு ஊற்றுக. மழைக்காலத்தில் கூரைநீர் அதனோடு கலந்து வழிந்தோடாதவாறு பீப்பாயை மூடிவைக்க.

வாடல் நோய் காணாத பையிலுள்ள தும்புத்தூளை இரண்டாம் போகத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். பழைய வேர்களைப் பொறுக்கி, நல்ல நீரால் கழுவி, ஈரமாகவே ஒளிபுகும் பொலித்தீனால் மூடி, கடும் வெயிலில் நான்கு முதல் ஆறு வாரங்கள் விட்டுவைத்துப் பின்பு நிரப்புக. இம்முறை கல்சியம் இடவேண்டியதில்லை. முதற்பயிரின் கரைசலே அதைச் செய்திருக்கும். பேணிச் சோதனையில் வடியும் நீர் நூற்றுக்கு 10 பங்கிலும் குறைந்ததும் அவ்வூடகத்தை விலக்கித் தென்னையின் மட்டைக்குழிகளில் இட்டு மூடலாம்; வறட்சியில் அது ஈரத்தைக் காக்கும். தும்புத்தூளை முதன்முதற் கழுவும்போது வரும் தேநீர் நிற நீரையும், உவர்நீரில் ஊறிய மட்டையினுடையது அல்லவாயின், கிணற்றுக்குத் தூரமான தென்னைகளின் பாத்திகளிற் பிரித்து ஊற்றுக. பொற்றாசியமும் குளோரைட்டும் தக்காளிக்கு மிகுந்தாற் தீங்கு. தென்னைக்கோ அவை இரண்டும் வேண்டியவை.